மைக்ரோகேன்டிலீவர் சென்சார் செய்யப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

என் முதல் கேன்டிலீவர் சிப் பிரமாதமாக வேலை செய்தது. 12 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அழகான சிக்னல். புரதம் வந்து ஒட்டுகிறது, பிறகு விலகுகிறது என்று இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாம்பிளே செலுத்தாமல் வெறும் பஃபரை (பி.எச். மாறாமல் வைத்திருக்கும் உப்புக் கரைசலை) மட்டும் ஓடவிட்டேன். அதே ஏற்ற இறக்கம்! கடைசியில் பார்த்தால், அது அறையின் ஏசி கம்ப்ரசர் ஓடி நிற்கும் இடைவெளி.

அந்த மாதிரி வாரங்கள் உங்களுக்கு வீணாக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மைக்ரோகேன்டிலீவர் என்பது ஒரு முனை மட்டும் சிப்பில் பிடிப்பாக இருக்கும் நுண்ணிய தகடு. நீச்சல் குளத்தின் குதிபலகையைச் சில நூறு மைக்ரான் நீளத்துக்கும் ஒரு மைக்ரான் தடிமனுக்கும் சுருக்கினால் எப்படி இருக்கும், அப்படி. அதன் ஒரு பக்கத்தில் ஆன்டிபாடியையோ (குறிப்பிட்ட மூலக்கூறைப் பிடிக்கும் புரதம்) டி.என்.ஏ. இழையையோ ஒட்டிவைப்போம். தேடும் மூலக்கூறு வந்து பிடித்துக்கொண்டால் தகடு வளையும், அல்லது அதன் அதிர்வெண் குறையும். தகட்டை வளைய வைப்பது பெரிய காரியமே இல்லை; எது எதற்கோ வளையும். நாம் தேடிய பொருளால்தான் வளைந்தது என்று நிரூபிப்பதில்தான் காலமும் பணமும் கரையும். கீழே உள்ள படிகளை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

1. தகட்டை மறந்துவிட்டு மூன்று எண்களை எழுதுங்கள்

தேடும் பொருள் எவ்வளவு இருந்தால் மருத்துவர் முடிவெடுப்பார்? அதே சாம்பிளில் வேறு என்னென்ன, எவ்வளவு இருக்கும்? விடை எத்தனை நிமிடத்தில் வேண்டும்? இந்த மூன்றும் தெரியாமல் வரைபடத்தைத் திறக்காதீர்கள்.

புராஸ்டேட் பரிசோதனையில் பார்க்கும் பி.எஸ்.ஏ. புரதத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம். அதே ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரில்) ஆல்புமின் என்ற புரதம் மட்டும் 35 முதல் 50 மில்லிகிராம் இருக்கும். வகுத்துப் பாருங்கள்: பி.எஸ்.ஏ. ஒரு பங்கு என்றால் ஆல்புமின் ஏறக்குறைய ஒரு கோடிப் பங்கு. அந்தக் கோடியில் மிகச் சிறு பகுதி தவறாக ஒட்டினாலே உங்கள் சிக்னல் மூழ்கிவிடும். இந்த விகிதத்தைப் பெரிய எழுத்தில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைத்திருந்தேன்.

இன்னொன்று. அழற்சியின்போது ரத்தத்தில் கூடும் சி.ஆர்.பி. புரதம் போல லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இருக்கும் பொருள் என்றால், அதற்கு இந்தச் சிரமம் வேண்டுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மலிவான ஸ்ட்ரிப் பரிசோதனைகளே போதும்.

2. வளைவை அளப்பதா, அதிர்வை அளப்பதா?

இதை முதல் வாரமே முடிவு செய்துவிட வேண்டும். இரண்டுக்கும் தகட்டின் வடிவம் நேர் எதிர்.

வளைவு முறையில் மூலக்கூறுகள் ஒரு பக்கத்தில் நெருக்கமாக ஒட்டுவதால் பரப்புத் தகைவு (பரப்பை இழுக்கும் அல்லது தள்ளும் விசை) உண்டாகி, தகடு மெதுவாக வளையும். இதற்கு நீளமான, மெல்லிய தகடு வேண்டும். திரவத்துக்குள்ளேயே அளக்கலாம்.

அதிர்வு முறையில் ஒட்டிய நிறையால் ஒத்ததிர்வெண் (தகடு இயல்பாக அதிரும் அதிர்வெண்) குறைவதை அளக்கிறோம். இதற்குக் குட்டையான, விறைப்பான தகடுதான் நல்லது. 500 மைக்ரான் நீளம், 100 மைக்ரான் அகலம், 1 மைக்ரான் தடிமன் உள்ள சிலிக்கான் தகடு காற்றில் சுமார் 5 கிலோஹெர்ட்ஸில் அதிரும். அதன் நுனியில் ஒரு பிக்கோகிராம் ஒட்டினால் மாற்றம் 0.1 ஹெர்ட்ஸ்கூட இருக்காது. அதே தடிமனில் 100 மைக்ரான் நீளம், 30 மைக்ரான் அகலம் என்று வைத்தால் 130 கிலோஹெர்ட்ஸ் வரும். அதே ஒரு பிக்கோகிராமுக்கு 35, 40 ஹெர்ட்ஸ் நகரும்.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தண்ணீருக்குள் போனதும் கதை மாறும். தகடு சுற்றியுள்ள திரவத்தையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் அதிர்வெண் இறங்கும், கியூ மதிப்பு (அதிர்வின் உச்சி எவ்வளவு கூர்மை என்பதன் அளவு) ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடும். உச்சி மழுங்கிப்போன மேட்டில் உச்சியைத் தேடுவது போலத்தான். இதற்காகச் சாம்பிளில் நனைத்து, கழுவி, உலர்த்தி, காற்றில் அளப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கடைசிக் கழுவலுக்கு அயனி நீக்கிய தண்ணீரையே பயன்படுத்துங்கள். பஃபரோடு உலர்த்தினால் உப்புப் படிகங்களின் எடையைத்தான் அளப்பீர்கள். தகட்டுக்குள்ளேயே கால்வாய் வைத்து, திரவத்தை உள்ளே ஓடவிட்டு, வெளியே வெற்றிடத்தில் அதிர வைக்கும் வகையும் உண்டு. அருமையான யோசனை, முதல் முயற்சிக்கு வேண்டாம்.

புதியவர்களுக்கு நான் சொல்வது வளைவு முறை. இனி வரும் படிகள் பெரும்பாலும் அதற்கே.

3. அளவுகளைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்

நுனி எவ்வளவு வளையும் என்பது நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும், தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும். நீளத்தை இரட்டித்தால் நான்கு மடங்கு. தடிமனைப் பாதியாக்கினாலும் நான்கு மடங்கு. அகலம் இந்தக் கணக்கில் வரவே வராது. அகலத்தைக் குறைத்து நுண்ணுணர்வைக் கூட்டிவிடலாம் என்று நினைத்து ஒரு மாதிரி செய்து பார்த்தேன், தகடு முறுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

மேலே சொன்ன 500 மைக்ரான் தகட்டையே எடுத்துக்கொள்வோம். டி.என்.ஏ. இழைகள் இணைவது போன்ற வினைகளில் கிடைக்கும் தகைவு, மீட்டருக்குச் சில மில்லிநியூட்டன்தான். 5 என்று வைத்தால் நுனி சுமார் 20 நானோமீட்டர் வளையும். அறை வெப்பநிலையில் தகடு தானாக நடுங்குவது 0.3, 0.4 நானோமீட்டர். அதாவது சிக்னல் நடுக்கத்தைவிட ஐம்பது மடங்கு பெரியது. அப்படியென்றால் தடிமனை இன்னும் குறைக்க வேண்டிய அவசியமே இல்லை! இந்தக் கணக்கைப் போடாமல்தான் அரை மைக்ரான் தகட்டுக்கு ஆசைப்பட்டேன். பாதிச் சிப்களில் தகடுகள் கழுவும்போதே முறிந்தன. மீதி, பம்ப் துடிக்கும்போதெல்லாம் கூடவே துடித்தன. உங்களைத் தோற்கடிப்பது நடுக்கம் இல்லை, மணிக்கணக்கில் மெதுவாக நகரும் டிரிஃப்ட். அதற்கு 7-ஆம் படியில் வருகிறேன்.

தடிமனில் 10 சதவீதம் பிசகினால் வளைவில் 20 சதவீதமும், விறைப்பில் 30 சதவீதமும் பிசகும். விற்பவர் தரும் தாளில் உள்ள தடிமனை அப்படியே நம்ப வேண்டாம். காற்றில் ஒத்ததிர்வெண்ணை அளந்தால் தடிமன் தானாகத் தெரியும், ஏனென்றால் இரண்டும் நேர்விகிதம். 5.2 கிலோஹெர்ட்ஸ் வர வேண்டிய தகடு 4.7 காட்டினால் தடிமன் 0.9 மைக்ரான்தான். தங்கம் பூசும் முன்பே அளந்துவிடுங்கள்.

எஸ்.யூ-8 போன்ற பாலிமர் தகடுகள் சிலிக்கானைவிட நாற்பது மடங்கு மென்மையானவை, மலிவும்கூட. ஆனால் தண்ணீரை உறிஞ்சி உப்பும்; நிலைக்கு வர நேரம் பிடிக்கும். பொறுமைசாலிகளுக்கு மட்டும்.

4. முதல் ஐம்பது சிப்களை வாங்குங்கள், செய்யாதீர்கள்

அணுவிசை நுண்ணோக்கிக்கு விற்கும் கேன்டிலீவர்களில் கூர்முனை இல்லாத வகை தனியாகக் கிடைக்கும். ஆர்டர் படிவத்தில் 'கூர்முனை இல்லாதது' என்பதை இரண்டுமுறை சரிபாருங்கள். எட்டுத் தகடுகள் வரிசையாக உள்ள சிப்கள் கிடைத்தால் அதுவே நல்லது. வேதியியலையும் அளவீட்டையும் இவற்றில் பழகிவிட்டு, பிறகு சொந்த வடிவத்துக்குப் போங்கள்.

சொந்தமாகச் செய்வதென்றால் எஸ்.ஓ.ஐ. வேஃபரில் (சிலிக்கான், நடுவில் ஆக்சைடு, மேலே மெல்லிய சிலிக்கான் என அடுக்கிய வட்டத் தட்டில்) தொடங்குங்கள். மேலடுக்கின் தடிமனே தகட்டின் தடிமன். தகடு நேராகவும் நிற்கும். முன்பக்கம் தகட்டு வடிவத்தைப் பொறித்து, பின்பக்கத்திலிருந்து அரித்து, நடுவிலுள்ள ஆக்சைடைக் கரைத்தால் தகடு விடுபடும். இரண்டு இடத்தில் எல்லோரும் விழுகிறோம்.

ஒன்று, பின்பக்க மாஸ்க், அதாவது அரிக்க வேண்டிய இடத்தில் மட்டும் திறப்பு விட்ட மறைப்பு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சிலிக்கானைச் செங்குத்தாக அரிக்காது, 54.7 டிகிரிச் சாய்வில் அரிக்கும். வேஃபர் 500 மைக்ரான் என்றால், அடியில் வேண்டிய அகலத்தோடு சுமார் 707 மைக்ரானைக் கூட்டித்தான் திறப்பு வைக்க வேண்டும். நான் மொத்தமே 600 வைத்தேன். பள்ளம் ஆப்பு வடிவில் கூடி, 424 மைக்ரான் ஆழத்தில் நின்றுவிட்டது. மாஸ்க் மறுபடி, வரிசை மறுபடி, இரண்டு மாதம் போச்சு.

இன்னொன்று, உலர்த்துதல். விடுபட்ட தகட்டைத் தண்ணீரிலிருந்து வெறுமனே எடுத்து உலர்த்தினால், பரப்பு இழுவிசை தகட்டை அருகிலுள்ள பரப்போடு ஒட்டவைத்துவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. கிரிட்டிக்கல் பாயின்ட் டிரையரையோ (பரப்பு இழுவிசை இல்லாமல் உலர்த்தும் கருவி), ஆவி நிலை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தையோ பயன்படுத்துங்கள். இந்த அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் இருக்கலாம், ஆனால் உள்ளே போய் எலும்பு வரை கெடுக்கும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத அறையில் அந்தப் பாட்டிலைத் திறக்கவே திறக்காதீர்கள்.

5. வளைவைப் படிக்கும் முறை

லேசரைத் தகட்டின் நுனியில் பட வைத்து, தெறிக்கும் புள்ளி நகர்வதை அளப்பது எளிது, துல்லியமும் உண்டு. குறை என்னவென்றால் திரவம் மாறும்போது ஒளிவிலகலும் மாறி, தகடு அசையாமலேயே புள்ளி நகரும். கலங்கலான சாம்பிளில் ஒளியே போகாது. தகட்டுக்குள் பியசோமின்தடை (வளைந்தால் மின்தடை மாறும் பொருள்) பதித்து, அந்தச் சிறு மாற்றத்தை அளக்கும் வீட்ஸ்டன் பாலம் என்ற மின்சுற்றில் இணைப்பது இரண்டாவது வழி. ரத்தத்திலும் வேலை செய்யும், கருவியும் கையளவுக்குச் சுருங்கும். ஆனால் மின்தடை தானே சூடாகும், இரைச்சல் அதிகம், கம்பிகளுக்குத் திரவம் படாமல் காப்பிட வேண்டும். ஆய்வகத்தில் லேசரில் தொடங்குங்கள். நோயாளியின் பக்கத்தில் வைக்கும் கருவி என்ற நிலை வரும்போது இரண்டாவதுக்கு மாறலாம்.

6. பரப்பைத் தயார் செய்தல்

திட்டத்தின் பாதி ஆயுள் இங்கேதான் போகும்.

தகட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் 2 முதல் 5 நானோமீட்டர் டைட்டானியமோ குரோமியமோ, அதன்மேல் 20 முதல் 30 நானோமீட்டர் தங்கம். அடியடுக்கு இல்லாமல் தங்கம் நிற்காது, உரிந்துவிடும். பூசியதும் தகடு கொஞ்சம் வளைந்து நிற்கும், பயப்பட வேண்டாம்.

தங்கம் காற்றிலிருக்கும் கரிமப் பொருள்களை ஈர்த்துக்கொண்டே இருக்கும். ஆன்டிபாடி ஏற்றும் நாளன்று புற ஊதா-ஓசோனில் சுத்தம் செய்யுங்கள். பிரான்ஹா கரைசல்தான் (கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தது) வேண்டும் என்றால், அசிட்டோனோ ஆல்கஹாலோ ஒரு துளிகூட அருகில் இருக்கக் கூடாது, கலந்தால் வெடிக்கும். கழிவுப் பாட்டிலையும் இறுக மூடாதீர்கள்.

டி.என்.ஏ. என்றால் தயோல் முனை (தங்கத்தில் ஒட்டும் கந்தக முனை) கொண்ட இழையை ஏற்றிவிட்டு, மெர்காப்டோஹெக்சனால் என்ற சிறு தயோலைக் கொண்டு இடைவெளிகளை நிரப்புங்கள். இழைகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். இல்லை. அளவுக்கு மீறி நெருக்கினால் வரும் இழைக்கு நுழைய இடமிருக்காது, சிக்னல் குறையும். அடர்த்தியை மூன்று நான்கு விதமாக மாற்றிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆன்டிபாடி என்றால் கார்பாக்சில் முனையுள்ள தயோலை ஓர் இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் இ.டி.சி., என்.எச்.எஸ். என்ற இணைப்பு வேதிப்பொருள்களைக் கொண்டு ஆன்டிபாடியின் அமீன் தொகுதிகளை அதோடு இணைப்பது வழக்கம். இங்கே இரண்டு கண்ணிகள். டிரிஸ் என்ற பஃபரிலும் அமீன் இருக்கிறது, ஆன்டிபாடிக்கு முன்னால் அதுவே போய் இணைந்துகொள்ளும். எனவே டிரிஸ் கூடாது. அப்புறம், விற்கும் ஆன்டிபாடிக் குப்பிகள் பலவற்றில் பாதுகாப்புக்காக மாட்டு ஆல்புமின் கலந்திருப்பார்கள். அந்தக் குப்பியை அப்படியே ஊற்றினால் தகடு முழுக்க ஆல்புமின்தான். ஆர்டர் செய்யும்போதே ஆல்புமின் கலக்காதது வேண்டும் என்று கேளுங்கள். இது தெரியாமல் விலை உயர்ந்த ஒரு குப்பியை முழுசாக வீணாக்கினேன்.

அடிப்பக்கத்தை மறக்காதீர்கள். அங்கேயும் புரதம் ஒட்டினால் இரு பக்கத் தகைவும் ஒன்றையொன்று தின்றுவிடும், தகடு அசையாது. புரதம் ஒட்டவிடாத பி.ஈ.ஜி. சைலேன் பூசி அடிப்பக்கத்தை மந்தமாக்குங்கள்.

ஒரே சிப்பில் வெவ்வேறு தகடுகளுக்கு வெவ்வேறு ஆன்டிபாடி ஏற்ற, நுண்ணிய கண்ணாடிக் குழாய்களை வரிசையாக வைத்து, ஒவ்வொரு தகட்டையும் ஒரு குழாய்க்குள் நுழைக்க வேண்டும். தகடுகளுக்கு இடையே 250 மைக்ரான் என்றால் குழாய்களும் அதே இடைவெளியில். நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே திருகை ஒரு மயிரிழை திருப்ப, எட்டு விரலும் எட்டு உறைக்குள் ஒன்றாக நுழையும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை. மேசையில் யாரும் காபி கப்பை வைக்கக் கூடாது.

7. துணைத் தகடு இல்லாமல் ஒரு அளவீடும் வேண்டாம்

ஏசி கதைக்கு வருவோம். தங்கம் சூட்டில் விரிவது சிலிக்கானைவிட ஐந்து மடங்கு அதிகம். 20 நானோமீட்டர் தங்கம் பூசிய நம் 1 மைக்ரான் தகட்டில், ஒரு டிகிரி மாறினால் உண்டாகும் தகைவு மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன். நுனி 120 நானோமீட்டர் நகரும். நாம் தேடும் சிக்னல் 20. அதாவது அறையில் கால் டிகிரி ஏறி இறங்கினாலே போதும், நோய் இருப்பதாகக் காட்டிவிடும்!

எனவே திரவ அறையின் வெப்பநிலையை 0.01 டிகிரி அளவுக்குக் கட்டுப்படுத்துங்கள். சாம்பிளையும் உள்ளே போகும் முன் அதே வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள். அதோடு ஒவ்வொரு சிப்பிலும் குறைந்தது இரண்டு தகடுகளைத் துணைத் தகடுகளாக வையுங்கள். அதே தங்கம், அதே தடிமன், ஆனால் மேலே சம்பந்தமில்லாத ஆன்டிபாடியோ எழுத்துகளை மாற்றி அடுக்கிய டி.என்.ஏ.வோ. வெறும் தங்கத்தைத் துணையாக வைக்காதீர்கள், சீரத்திலுள்ள எல்லாப் புரதமும் அதில் ஓடிவந்து ஒட்டும். ஆன்டிபாடித் தகட்டின் வளைவிலிருந்து துணைத் தகட்டின் வளைவைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் சிக்னல்.

அளக்கும் முன் ஒரு சின்னச் சோதனை: பஃபரில் வைத்து ஒரு டிகிரி சூடாக்குங்கள். எட்டுத் தகடும் ஏறக்குறைய ஒரே அளவு வளைய வேண்டும். ஒன்று மட்டும் தனியாகப் போனால் அதன் தங்கமோ லேசர் பட்ட இடமோ சரியில்லை. பத்து நிமிட வேலை, ஒரு நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

8. அளக்கும் நாள்

பஃபரில் ஒரு மணிநேரமாவது ஓடவிட்டு, கோடு தட்டையான பிறகே தொடங்குங்கள். எல்லாத் திரவத்தையும் முன்கூட்டியே காற்று நீக்கிவையுங்கள். ஒரு குமிழி தகட்டில் உட்கார்ந்தால் அன்றைய வேலை முடிந்தது. முதலில் தேடும் பொருள் இல்லாத சீரம், பிறகு குறைந்த செறிவு, அப்புறம் கூடியது; இந்த வரிசையை மாற்றாதீர்கள். உப்பும் பி.எச்.சும் மாறினாலே தகடு வளையும் என்பதால், சாம்பிளை ஓடும் அதே பஃபரில்தான் கரைக்க வேண்டும்.

கண்டறியும் எல்லையைச் சொல்லும்போது சுத்தமான பஃபரில் கிடைத்த எண்ணைச் சொல்லாதீர்கள், யாரும் மதிக்க மாட்டார்கள். வெற்றுச் சீரத்தின் சராசரியோடு அதன் திட்ட விலக்கத்தின் 1.645 மடங்கைக் கூட்டினால் வெற்று எல்லை. அதோடு குறைந்த செறிவுச் சாம்பிளின் திட்ட விலக்கத்தின் 1.645 மடங்கைக் கூட்டினால் கண்டறியும் எல்லை. ஒரே சிப்பில் இருபது முறை அளப்பதைவிட, பல சிப்களில், பல நாள்களில் அளந்ததுதான் பேசும்.

9. காகித வேலை

மனித ரத்தமோ சீரமோ தொடுவதற்கு முன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பரிசோதனைக்கூடத்தில் மிஞ்சிய, பெயர் நீக்கிய சாம்பிள்தானே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அதற்கும் ஒப்புதலோ, விலக்கு அளித்த கடிதமோ எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்விதழ் திருப்பி அனுப்பும். விண்ணப்பத்தோடு ஆய்வுத் திட்டம், நோயாளிக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம், சாம்பிள்களை எங்கே வைத்து எப்போது அழிப்பீர்கள் என்ற விவரம் கேட்பார்கள். சாம்பிள் வேறு நிறுவனத்திலிருந்து வந்தால் பொருள் பரிமாற்ற ஒப்பந்தமும் சேரும். உயிரிப் பாதுகாப்பு அனுமதி தனி.

காப்புரிமை எண்ணம் இருந்தால், மாநாட்டில் போஸ்டர் ஒட்டும் முன்பே விண்ணப்பியுங்கள். பல நாடுகளில் ஒருமுறை வெளியே சொல்லிவிட்டால் உரிமை போய்விடும்.

என்றாவது இதை விற்கும் கருவியாக்க நினைத்தால் ஐ.எஸ்.ஓ. 13485, ஐ.எஸ்.ஓ. 14971 இரண்டையும் இப்போதே ஒருமுறை புரட்டுங்கள். முன்னது தர மேலாண்மை, பின்னது ஆபத்து மேலாண்மை. எந்த முடிவை ஏன் எடுத்தோம் என்று தேதி போட்டு எழுதும் பழக்கத்தைப் பின்னாளில் புதிதாக உண்டாக்க முடியாது. நான் பழைய நோட்டுகளிலிருந்து தோண்டி எடுக்க ஒரு மாதம் உட்கார்ந்தேன்.

10. செலவும் காலமும்

பணம் போகும் இடம் சிப் இல்லை. 100 மில்லிமீட்டர் வேஃபர் ஒன்றில் 4 மில்லிமீட்டர் சதுரச் சிப்கள் நானூறு வரை வரும். ஒரு சிப்பின் விலை என்று பார்த்தால் சொற்பம். மாஸ்க், கிளீன்ரூம் (தூசியில்லாத சிப் தயாரிப்பு அறை) மணிக்கணக்கு, ஆன்டிபாடி, அப்புறம் தோற்றுப்போன சுற்றுகள், இவைதான் பட்ஜெட்டைத் தின்னும். கிளீன்ரூம் நேரத்தை நீங்கள் நினைப்பதற்கு இரண்டு மடங்காகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கால வரிசையில் என் தவறு, சென்சார் தயாரான பிறகு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பித்தது. குழு குறிப்பிட்ட நாள்களில்தான் கூடும், ஒரு கேள்வி கேட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். சிப் பெட்டியில் கிடந்து தங்கம் அழுக்கேறியது. அந்த விண்ணப்பம், கிளீன்ரூம் பயிற்சிக்குப் பதிவு, மாஸ்க் வரைபடம் மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள். காத்திருக்கும் காலத்தில் வாங்கிய சிப்களில் வேதியியல் பழகலாம்.

வேஃபர் கைக்கு வந்ததும் எல்லாச் சிப்புக்கும் ஒரே நாளில் தங்கம் பூசிவிடாதீர்கள். அந்த வாரம் பயன்படுத்தப் போகிற பத்துப் பதினைந்துக்கு மட்டும் பூசுங்கள். மீதியை நைட்ரஜன் பெட்டியில் வைத்து, எந்த வேஃபர், வேஃபரில் எந்த இடம், அளந்த அதிர்வெண் என்ன என்று ஒவ்வொன்றின் உறையிலும் எழுதுங்கள். பென்சிலில் எழுதுங்கள், ஆல்கஹால் பட்டால் பேனா மை அழிந்துவிடும்.